என்டர் கீக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கீபோர்டில் முதலில் பழகிக் கொள்வது ஸ்பேஸ் பாரையும் என்டர் கீயையும்தான். இரண்டும் அளவில் பெரியவை. பார்க்காமல் தட்டினாலும் கைக்கு அகப்படும். வரி முடிந்தால் என்டர். இடம் விட வேண்டுமென்றால் ஸ்பேஸ். தலைப்பை நடுவில் கொண்டு வர இருபது ஸ்பேஸ். அடுத்த பக்கத்திற்குப் போக பதினைந்து என்டர். நாம் எல்லோருமே இப்படித்தான் தொடங்கியிருக்கிறோம்.

இந்தப் பழக்கத்தை முதல் மாதத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. கம்ப்யூட்டர் வகுப்புகளில் எழுத்தின் நிறத்தையும் அளவையும் மாற்றக் கற்றுத் தருவதற்கு முன்பு, பாரா என்றால் என்ன, வரி என்றால் என்ன என்பதைக் கற்றுத் தர வேண்டும். "சாப்ட்வேர் இன்ஜினியர்கள் சின்ன விஷயத்தையும் பெரிதாக்குவார்கள்" என்று நீங்கள் நினைக்கலாம். நானும் இதைச் சின்ன விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். வேளாங்கண்ணியில் என்னால் ஒரு குடும்பம் ரயிலைத் தவறவிட்ட பிறகுதான் என் எண்ணம் மாறியது.

ஒரு பஸ் நேரப் பட்டியல்

என் மாமா வேளாங்கண்ணியில் சிறிய லாட்ஜ் ஒன்று நடத்துகிறார். மாதா கோயில் திருவிழா ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 29ல் கொடியேற்றத்துடன் தொடங்கி செப்டம்பர் 8ல் முடியும். அந்த நாட்களில் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது. தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், கொங்கணி, இந்தி, மராத்தி என்று எல்லா மொழிக்காரர்களும் வருவார்கள். வருபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பஸ் எத்தனை மணிக்கு?"

"மாப்ளே, நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே. லாட்ஜுக்கு ஒரு வெப்பக்கம் போட்டுக் கொடேன். பஸ் டைமையும் அதிலேயே போட்டுடு" என்றார் மாமா. ஒரே மாலையில் முடித்துக் கொடுத்தேன். பக்கத்தின் இடது பாதியில் வடக்கே போகும் நாகப்பட்டினம் பஸ்கள். வலது பாதியில் தெற்கே போகும் வேதாரண்யம் பஸ்கள். இரண்டு பாதிகளையும் பிரிக்க ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இடைவெளி விட்டேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் வரியை உடைத்தேன். என் மானிட்டரில் பார்க்க அச்சடித்த அட்டவணை போலவே இருந்தது. மாமாவும் "பிரமாதம்டா" என்றார்.

சில வாரங்கள் கழித்து சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. வயதான அம்மா, மகன், மருமகள், கைக்குழந்தை. நாகப்பட்டினத்தில் இரவு ரயிலைப் பிடிக்க வேண்டும். மகன் தன் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து அம்மாவின் கையில் கொடுத்திருக்கிறார். அம்மாவுக்குப் பார்வை சற்று மங்கல் என்பதால் எழுத்துகளைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். பெரிய எழுத்து, சிறிய திரை. இரண்டு பாதிகளுக்கு அங்கே இடமில்லை. வலது பக்கம் இருக்க வேண்டிய வேதாரண்யம் பஸ் நேரம் ஒவ்வொன்றும் மடிந்து, இடது பக்கத்தில் நாகப்பட்டினம் நேரத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்து கொண்டது. பட்டியலின் கடைசியில் இருந்தது வேதாரண்யத்தின் கடைசி பஸ். அதை நாகப்பட்டினத்தின் கடைசி பஸ் என்று நம்பி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போய் நின்றிருக்கிறார்கள். வந்த பஸ் நேர் எதிர்த் திசையில் போகிற பஸ்.

மாமா அன்று இரவு அவர்களுக்கு வாடகை வாங்காமல் அறை கொடுத்தார். மறுநாள் காலை போனில் அந்த அம்மாவிடம் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல தம்பி. ஆனா நீங்க போட்டிருந்ததைப் பார்த்துத்தானே கிளம்பினோம்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

நான் போட்ட நேரங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. எழுத்துப் பிழையும் இல்லை. தவறு நான் தட்டிய ஸ்பேஸ்களிலும், உடைத்த வரிகளிலும்தான் இருந்தது.

வரி எங்கே முடிகிறது?

இந்தத் தவறு எப்படி வருகிறது என்று பார்ப்போம். பழைய டைப்ரைட்டரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரி முடியப் போகும்போது மணி அடிக்கும். டைப் அடிப்பவர் லீவரைத் தள்ளி, பேப்பரை அடுத்த வரிக்கு ஏற்றி, வண்டியை மறுபடியும் தொடக்கத்திற்குக் கொண்டு வருவார். அங்கே வரியை முடித்தது பேப்பரின் அகலம். ஆனால் அந்த வேலையை மனிதர்தான் செய்ய வேண்டியிருந்தது.

அந்த லீவர்தான் கம்ப்யூட்டருக்குள் என்டர் கீயாக வந்தது. இன்றும் விண்டோஸில் நோட்பேடில் நீங்கள் என்டர் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் பைலில் பதிவாகின்றன. ஒன்று வண்டியைத் தொடக்கத்திற்குத் தள்ளும் 'கேரேஜ் ரிட்டர்ன்'. இன்னொன்று பேப்பரை ஏற்றும் 'லைன் பீட்'. இவற்றின் ஆஸ்கி எண்கள் 13, 10. லினக்ஸ் போன்ற சிஸ்டங்களில் 10 மட்டும் போதும். இதனால்தான் லினக்ஸில் தயாரித்த பைலை நோட்பேடில் திறந்தால் எல்லா வரிகளும் ஒன்றாக ஒட்டிக் கொண்டு வந்தன. 2018ல் தான் மைக்ரோசாப்ட் நோட்பேடில் இதைச் சரி செய்தது.

டைப்ரைட்டர் போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. கம்ப்யூட்டரில் வரியின் அகலத்தை நீங்கள் பார்த்துக் கொள்ள வேண்டியதில்லை. இடம் முடிந்ததும் கம்ப்யூட்டரே அடுத்த வரிக்குப் போய்விடும். ஜன்னலைச் சிறிதாக்கினால் அதற்கேற்ப மறுபடியும் மடிக்கும். நீங்கள் குறுக்கே என்டர் தட்டி வைத்தால் அது மடிக்கும் இடமும், நீங்கள் உடைத்த இடமும் வேறு வேறாகிவிடும். ஒரு நீளமான வரி, அதன் கீழே ஒற்றைச் சொல், மறுபடியும் நீளமான வரி, மறுபடியும் ஒற்றைச் சொல் என்று செல்போனில் பல்லுப் போன சீப்பு மாதிரி வரும் மெசேஜ்களைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியவர் திரையில் அது அழகாகத்தான் இருந்திருக்கும்.

நம் தஞ்சை மண்ணில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்திற்குப் போனால் ஓலைச்சுவடிகளைப் பார்க்கலாம். ஓலையில் செய்யுள்களை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கம் இல்லை. இடத்தை மிச்சப்படுத்த ஒரே ஓட்டமாக எழுதுவார்கள். ஓலையின் ஓரம் வந்ததும் அடுத்த வரி. செய்யுளின் அடி எங்கே முடிகிறது என்பதை யாப்பு தெரிந்தவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் இப்படிப்பட்ட சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1887ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டு வந்தார். ஓலையின் அகலத்தால் முடிந்த வரி எது, பொருளால் முடிந்த அடி எது என்று பிரித்தெடுப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி.

வரி இரண்டு காரணங்களால் முடியலாம். இடம் போதாமல் முடிவது ஒன்று. பொருளே அங்கு முடிவது மற்றொன்று. முதலாவதை கம்ப்யூட்டரிடம் விட்டுவிட வேண்டும். இரண்டாவதை நாம்தான் சொல்ல வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்பதற்கு வெப்பக்கங்களைத் தயாரிக்கும் ஹெச்.டி.எம்.எல். மொழி தெளிவான வழி வைத்திருக்கிறது.

கட்டமும் வரியும்

ஹெச்.டி.எம்.எல். என்றதும் பயப்பட வேண்டாம். இது புரோகிராம் எழுதும் மொழி கிடையாது. சாதாரண எழுத்துகளுக்கு இடையே "இது தலைப்பு", "இது பாரா", "இது பட்டியல்" என்று அடையாளம் வைக்கும் முறைதான். அந்த அடையாளங்களுக்கு டேக் என்று பெயர். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக் கூடத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ் லீ 1991ல் இதன் முதல் டேக்குகளை வெளியிட்டார். எழுத்துக்கு உருவத்தைச் சொல்லாமல் அதன் வேலையைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதற்கும் முந்தியது. ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்பார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் 1969லேயே அதற்கான முறையை உருவாக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஹெச்.டி.எம்.எல். பற்றி முதலில் தெரிந்து கொள்ள வேண்டியது இது. நீங்கள் நோட்பேடில் எத்தனை என்டர் தட்டினாலும், எத்தனை ஸ்பேஸ் விட்டாலும், பிரவுசர் அவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஒரு ஸ்பேஸாகத்தான் எடுத்துக் கொள்ளும். புதியவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். "நான் அழகாக அடித்து வைத்ததை எல்லாம் ஒன்றாக்கிவிட்டதே" என்பார்கள். உண்மையில் பிரவுசர் நம்மிடம் கேட்கிறது: இந்த இடைவெளிக்கு என்ன அர்த்தம் என்று சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன்.

அந்த அர்த்தத்தைச் சொல்லும் டேக்குகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை பிளாக் டேக்குகள். பாரா டேக், தலைப்புகளுக்கான ஹெடிங் டேக்குகள், பட்டியலுக்கான லிஸ்ட் டேக், பொதுவான டிவ் டேக் ஆகியவை இந்த வகை. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டம். புதிய வரியில் தொடங்கும். கிடைக்கிற அகலம் முழுவதையும் எடுத்துக் கொள்ளும். முடிந்ததும் அடுத்தது புதிய வரியில்தான் வரும். இரண்டாவது வகை இன்லைன் டேக்குகள். ஒரு சொல்லைத் தடிமனாக்கும் போல்ட் டேக், லிங்க் தரும் டேக் போன்றவை. இவை வரியை உடைக்காமல், ஓடுகிற வரியோடு சேர்ந்து ஓடும். டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், பிளாக் என்பது வரப்பு போட்ட வயல். இன்லைன் என்பது அதற்குள் இருக்கும் நாற்று.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது பிரேக் டேக். இது புதிய கட்டம் எதையும் உண்டாக்காது. இருக்கிற கட்டத்திற்குள்ளேயே வரியை மட்டும் உடைக்கும். நான் வேளாங்கண்ணிப் பக்கத்தில் அள்ளித் தெளித்தது இதைத்தான்.

தொடக்கத்தில் பாராவும் கட்டமாக இருக்கவில்லை. 1991ல் பாரா டேக் என்பது இரண்டு பாராக்களுக்கு நடுவே வைக்கும் வெறும் பிரிப்புக் குறி. 1995ல் வெளியான ஹெச்.டி.எம்.எல். 2.0ல் தான் அது பாராவைத் தொடங்கி முடிக்கும் கட்டம் ஆனது. இது சிறிய மாற்றமாகத் தெரியலாம். ஆனால் பிரிப்புக் குறி என்றால் "இங்கே இடம் விடு" என்று மட்டும்தான் அர்த்தம். கட்டம் என்றால் "இங்கிருந்து இதுவரை ஒரு விஷயம்" என்று அர்த்தம். ஒரு விஷயம் என்று தெரிந்தால்தான் அதற்கு நிறம் கொடுக்கலாம், நகர்த்தலாம், செல்போனில் வேறு அளவில் காட்டலாம். 1996ல் வந்த சி.எஸ்.எஸ். என்ற அலங்கார மொழி இந்தக் கட்டங்களை நம்பித்தான் வேலை செய்கிறது. பாராவுக்கு மேலும் கீழும் எவ்வளவு இடம் வேண்டும் என்று அதில் ஒரே இடத்தில் எழுதிவிட்டால் போதும். நூறு பாரா இருந்தாலும் நூற்றுக்கும் அது பொருந்தும். பிரேக் டேக்கால் இடம் விட்டிருந்தால் நூறு இடங்களிலும் நீங்களே போய்த் திருத்த வேண்டும்.

புதியவர்கள் செய்யும் இரண்டு தவறுகளையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒன்று, இடம் விடுவதற்காகக் காலி பாரா டேக்குகளை வரிசையாக வைப்பது. ஐந்து காலி பாரா வைத்தாலும் ஐந்து மடங்கு இடம் கிடைக்காது. உள்ளே எழுத்தில்லாத பாராவுக்கு உயரம் இல்லை. அடுத்தடுத்து வரும் மேல் கீழ் இடைவெளிகளையும் பிரவுசர் ஒன்றாகச் சேர்த்துவிடும். இரண்டு, பாரா டேக்குக்குள் லிஸ்டையோ டிவ்வையோ வைப்பது. பாராவுக்குள் இன்னொரு பிளாக் நுழையக் கூடாது என்பது விதி. நீங்கள் உள்ளே லிஸ்ட் தொடங்கிய உடனேயே பிரவுசர் பாராவை முடித்துவிடும். கடைசியில் நீங்கள் போடும் பாரா முடிவு டேக்குக்கு ஜோடி இல்லாமல் போய், அது தானாக ஒரு காலி பாராவை உண்டாக்கும். "எங்கிருந்தோ இடைவெளி வருகிறதே" என்று தேடுபவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

பிரேக் டேக்கே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. பிரேக் டேக்குக்கு உரிய இடம் உண்டு. வரி உடைவதும் விஷயத்தின் ஒரு பகுதி என்றால் அங்கே அதைத்தான் போட வேண்டும். செய்யுளும் தபால் முகவரியும் இதற்குச் சரியான உதாரணங்கள். ஹெச்.டி.எம்.எல். விதிமுறையே இந்த இரண்டையும் குறிப்பிட்டுச் சொல்கிறது.

திருக்குறளை எடுத்துக் கொள்வோம். முதல் அடியில் நான்கு சீர். இரண்டாவது அடியில் மூன்று சீர். இது மானிட்டர் அகலமானாலும் குறுகினாலும் மாறக் கூடாது. ஆகவே ஒவ்வொரு குறளும் ஒரு பாரா டேக். நான்காவது சீருக்குப் பிறகு ஒரு பிரேக் டேக். 1330 குறளுக்கு 1330 கட்டம். ஒரு குறளுக்கும் அடுத்த குறளுக்கும் நடுவில் பிரேக் டேக் தேவையே இல்லை. அங்கே கட்டம் முடிந்துவிடுகிறது. அதிகாரத்தின் பெயருக்கு ஹெடிங் டேக். இவ்வளவுதான். இப்படிப் போட்டு வைத்தால் நாளைக்கு ஒரு அதிகாரத்தை மட்டும் தனியே எடுக்கலாம். குறளை ஒரு நிறத்திலும் உரையை இன்னொரு நிறத்திலும் காட்டலாம்.

1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்நூல்களாகத் தட்டெழுதி இலவசமாகத் தந்து வருகிறது. உலகின் பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் தன்னார்வமாகச் செய்யும் வேலை இது. அப்படிப்பட்ட வேலையில் சேர நினைக்கும் புதியவர்களுக்கு என் வேண்டுகோள், அடியையும் பாராவையும் குழப்பாமல் தட்டெழுதுங்கள் என்பதுதான். உ.வே.சா. ஓலையிலிருந்து பிரித்துத் தந்ததை நாம் மறுபடியும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

பஸ் நேரம் போன்ற அட்டவணைக்கு என்ன செய்வது? அதற்கு டேபிள் டேக் இருக்கிறது. இல்லையென்றால் நான் கடைசியில் செய்தது போலச் செய்யலாம். 'நாகப்பட்டினம்' என்று ஒரு ஹெடிங், அதன் கீழே அதன் நேரங்கள் ஒரு லிஸ்டாக. பிறகு 'வேதாரண்யம்' என்று இன்னொரு ஹெடிங், அதற்கு இன்னொரு லிஸ்ட். முன்பிருந்த அழகு போய்விட்டதாக மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் எந்த செல்போனில், எவ்வளவு பெரிய எழுத்தில் பார்த்தாலும் ஒரு ஊரின் நேரம் இன்னொரு ஊருக்குப் போகாது.

கண்ணால் பார்க்காதவர்களும் படிக்கிறார்கள்

வேளாங்கண்ணிக்கு உடல் நலம் வேண்டி வருபவர்கள் ஏராளம். அவர்களில் பார்வையில்லாதவர்களும் உண்டு. பார்வையில்லாதவர்கள் கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் சாப்ட்வேர்கள் இருக்கின்றன. 2006ல் முதலில் வெளியான என்.வி.டி.ஏ. அவற்றில் ஒன்று. முழுக்க இலவசம். தமிழையும் படிக்கும்.

நாம் ஒரு பக்கத்தைத் திறந்ததும் கண்ணை ஓட்டித் தலைப்புகளைப் பார்த்துவிட்டு, வேண்டிய இடத்திற்குப் போய்விடுவோம். அவர்கள் அதற்கு ஹெச் கீயை அழுத்துவார்கள். அடுத்த ஹெடிங்குக்குத் தாவும். எல் கீயை அழுத்தினால் அடுத்த லிஸ்ட். டி கீயை அழுத்தினால் அடுத்த டேபிள். ஆனால் தாவுவதற்கு அங்கே உண்மையான ஹெடிங் டேக் இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, மேலும் கீழும் பிரேக் டேக் போட்டு வைத்தால் அது பார்ப்பவருக்குத்தான் தலைப்பு. கேட்பவருக்கு அது இன்னொரு வரி. என் பழைய பக்கத்தை என்.வி.டி.ஏ.வில் கேட்டுப் பார்த்தேன். ஹெச் கீயை அழுத்தினால் தலைப்பே இல்லை என்றது. பஸ் நேரங்களை இடமும் வலமும் கலந்து ஒரே மூச்சில் படித்தது. சென்னைக் குடும்பத்துக்கு செல்போனில் வந்த குழப்பம், பார்வையில்லாதவர்களுக்கு முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் கடற்கரைக்குப் புயல் புதிதில்லை. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் உதவி எண்களையும், தங்கும் இடங்களையும் டைப் செய்து பத்துப் பேருக்கு அனுப்புபவர் நீங்களாகவும் இருக்கலாம். ஊர்ப் பெயர் ஒரு வரியிலும் அதன் எண் வேறொரு ஊரின் பெயருக்குப் பக்கத்திலும் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் வெப்பக்கம் தயாரிக்கப் போவதில்லையே?

பலர் இப்படிக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் எம்.எஸ். வேர்டில் ஒரு விண்ணப்பம் டைப் செய்தாலும் இதே விஷயம்தான். வேர்டிலும் என்டர் என்பது வரி முடிவு இல்லை, பாரா முடிவு. பாராவை முடிக்காமல் வரியை மட்டும் உடைக்க ஷிப்ட் கீயுடன் என்டர் தட்ட வேண்டும். முகவரிக்கும் செய்யுளுக்கும் அதைப் பயன்படுத்துங்கள். அடுத்த பக்கத்திற்குப் போக கன்ட்ரோல் கீயுடன் ஒரே ஒரு என்டர் போதும். பதினைந்து என்டர் தட்டி வைத்தால், பிறகு மேலே ஒரு வரி சேர்த்ததும் கீழே எல்லாம் சரிந்துவிடும். தலைப்பை நடுவில் கொண்டு வர கன்ட்ரோலுடன் ஈ கீ. உண்மையான தலைப்பாக்க கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக் கொண்டு 1.

நீங்கள் இதுவரை எப்படி டைப் செய்திருக்கிறீர்கள் என்று பார்க்க ஆசையா? பழைய பைல் ஒன்றைத் திறந்து கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக் கொண்டு 8 அழுத்துங்கள். மறைந்திருக்கும் குறிகள் எல்லாம் தெரியும். ஸ்பேஸ்கள் புள்ளிகளாகவும், ஷிப்ட் என்டர்கள் வளைந்த அம்புக்குறிகளாகவும், பாரா முடிவுகள் திரும்பி நிற்கும் ஆங்கில பி எழுத்து போலவும் வரும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பாரா குறி நின்றால் நீங்கள் இன்னும் டைப்ரைட்டரில்தான் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பி.டி.எப். பைலிலிருந்து காப்பி செய்து வேர்டில் ஒட்டும்போதும் இப்படி வரிக்கு வரி பாரா குறி வருவதுண்டு. ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம். ரீப்ளேஸ் பெட்டியைத் திறந்து மோர் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். ஸ்பெஷல் என்பதில் பாராகிராப் மார்க் இருக்கும். உண்மையான பாராக்களுக்கு நடுவே ஒரு காலி வரி இருந்தால், முதலில் அடுத்தடுத்து வரும் இரண்டு பாராகிராப் மார்க்குகளை மூன்று நட்சத்திரக் குறிகளாக மாற்றுங்கள். பிறகு மீதியுள்ள ஒற்றை மார்க்குகளை ஒரு ஸ்பேஸாக மாற்றுங்கள். கடைசியில் மூன்று நட்சத்திரங்களை மறுபடியும் ஒரு பாராகிராப் மார்க்காக மாற்றினால் பைல் சரியாகிவிடும். இதைச் செய்யும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு டிப்ஸ். '12 கி.மீ.' என்று எழுதும்போது 12 ஒரு வரியிலும் கி.மீ. அடுத்த வரியிலும் போய்விடுவதுண்டு. நடுவில் சாதாரண ஸ்பேஸுக்குப் பதிலாக கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக் கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். அந்த இடத்தில் வரி உடையாது.

செய்து பாருங்கள்

சோதித்துப் பார்க்கப் பெரிய சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. நோட்பேடைத் திறந்து தமிழில் இரண்டு பாரா டைப் செய்யுங்கள். முதல் பாராவில் நான்கைந்து சொல்லுக்கு ஒரு முறை பிரேக் டேக் போடுங்கள். இரண்டாவதை அப்படியே ஓடவிட்டு, முன்னும் பின்னும் பாரா டேக் மட்டும் போடுங்கள். சேவ் செய்யும்போது ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, பைல் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஹெச்.டி.எம்.எல். என்பதன் நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். என்கோடிங் என்ற இடத்தில் யூ.டி.எப்.-8 வித் பி.ஓ.எம். என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் உடையாமல் வரும். இப்போது அந்த பைலை பிரவுசரில் திறந்து, ஜன்னலின் ஓரத்தைப் பிடித்து மெல்லக் குறுக்குங்கள். கன்ட்ரோலுடன் பிளஸ் கீயை அழுத்தி எழுத்தையும் பெரிதாக்குங்கள். முதல் பாரா உடைந்து கோணலாகும். இரண்டாவது பாரா எந்த அகலத்திலும் ஒழுங்காக நிற்கும்.

உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களின் செல்போனிலும் அதே பைலைத் திறந்து பாருங்கள். அவர்கள் எழுத்தை எவ்வளவு பெரிதாக வைத்திருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிய வரும். நான் இப்போதெல்லாம் எந்தப் பக்கம் தயாரித்தாலும் முடித்ததும் எழுத்தை இரண்டு மடங்காக்கி ஒரு முறை பார்த்துவிடுகிறேன். அந்த அம்மாவிடம் போனில் மன்னிப்புக் கேட்ட அன்று தொடங்கிய பழக்கம் அது. அடுத்த முறை உங்கள் விரல் என்டர் கீக்குப் போகும்போது ஒரு விநாடி நிறுத்தி, இங்கே முடிவது என் விஷயமா அல்லது என் மானிட்டரின் அகலமா என்று கேட்டுக் கொள்ளுங்கள். விஷயம் முடிந்திருந்தால் தாராளமாகத் தட்டுங்கள்.